பத்து நிமிஷத்துல சரியாயிருச்சுன்னு விட்டுறாதீங்க: மினி ஸ்ட்ரோக், ஸ்ட்ரோக் வந்தா என்ன செய்யணும், வராம எப்படி பாத்துக்கணும்

எங்க அப்பாவுக்கு முதல் தடவை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலைல, டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப. டம்ளர் கையில இருந்து நழுவிருச்சு, என்னங்க ஆச்சுன்னு அம்மா கேட்டதுக்கு பதில் சொல்ல வாயைத் திறந்தாரு, வார்த்தை வரல, வந்ததும் குடிச்சவங்க பேசுற மாதிரி குழறலா வந்துச்சு. மொத்தமே பத்து நிமிஷம்தான். அப்புறம் எல்லாம் பழையபடி ஆகி அவரே எழுந்து போயி முகம் கழுவிட்டு வந்து நாலு இட்லி சாப்பிட்டாரு. பித்தமா இருக்கும், ராத்திரி தூக்கம் சரியில்ல, கேஸ் ஏறியிருக்கும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம், பக்கத்து வீட்டுக்காரர் கோலி சோடா வாங்கியாந்து குடுத்தாரு. வெள்ளிக்கிழமை விடியக்காலைல பாத்ரூம் போக எழுந்தவரு அப்படியே சரிஞ்சு விழுந்தாரு, வலது கை வலது கால் ரெண்டும் விழுந்துருச்சு, பேச்சு சுத்தமா நின்னுருச்சு.

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவுல எங்க கையில மூணு நாள் இருந்துச்சு. அந்த மூணு நாள்ல ஆஸ்பத்திரிக்கு போயிருந்தா இன்னைக்கு அவரு கம்பு ஊணாம நடந்திருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சுன்னு பின்னாடி நரம்பு டாக்டர் சொன்னப்பதான் அந்த பத்து நிமிஷத்துக்கு ஒரு பேரு இருக்குன்னே எங்களுக்கு தெரிஞ்சுச்சு. டிஐஏ, சாதாரணமா மினி ஸ்ட்ரோக்னு சொல்றது. இந்த நாலு வருஷத்துல டாக்டருங்ககிட்ட கேட்டது, படிச்சது, வீட்ல பாத்து பாத்து பழகினது எல்லாத்தையும் இங்க எழுதுறேன், உங்க வீட்லயும் ஒரு அப்பா இருப்பாரு இல்லையா.

மினி ஸ்ட்ரோக்னா என்ன

மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ல ஒரு சின்ன ரத்தக்கட்டி வந்து அடைச்சுக்குது, அந்தக் குழாய் போற இடம் வேலை செய்யாம நிக்குது, கொஞ்ச நேரத்துல கட்டி தானா கரைஞ்சு போகுது இல்ல நகர்ந்து போகுது, ரத்தம் திரும்ப ஓடுது, ஆள் சரியாயிடுறாங்க. அவ்வளவுதான். அதே கட்டி கரையாம நின்னுட்டா அது முழு ஸ்ட்ரோக், நம்ம ஊர்ல சொல்ற பக்கவாதம். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணேதான், அந்தக் கட்டிக்கு இந்தத் தடவை மனசு வந்து போயிருச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். கட்டி எங்க இருந்து வந்துச்சோ அந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்குது, கழுத்து ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சிருக்கலாம், மூளைக்குள்ள இருக்க குழாயே சுருங்கியிருக்கலாம் (நம்ம ஆசியாக்காரங்களுக்கு இது அதிகம்), இல்ல இதயம் தாறுமாறா துடிக்கிறதால உள்ள ரத்தம் தேங்கி உறைஞ்சிருக்கலாம்.

அதனாலதான் சரியாயிருச்சுன்னு நிம்மதியாகுற அந்த நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம். டிஐஏ வந்து வைத்தியம் பாக்காம விட்ட 100 பேர்ல ஏறக்குறைய 10 பேருக்கு மூணு மாசத்துக்குள்ள முழு ஸ்ட்ரோக் வருது, அதுலயும் பாதி முதல் ரெண்டு நாளுக்குள்ளயே. இங்கிலாந்துல ஆக்ஸ்போர்ட் பக்கத்துல நடந்து 2007ல வெளியான எக்ஸ்பிரஸ்ங்கிற ஆய்வுல டிஐஏ வந்தவங்களையும் லேசான ஸ்ட்ரோக் வந்தவங்களையும் நாள் கடத்தாம உடனே பாத்து மருந்து ஆரம்பிச்சாங்க, மூணு மாசத்துல திரும்ப ஸ்ட்ரோக் வர்றது 10.3 சதவீதத்துல இருந்து 2.1 சதவீதமா இறங்குச்சு. அவங்க குடுத்தது அதிசய மருந்து ஒண்ணும் இல்ல, எல்லாம் மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற பழைய மாத்திரைங்கதான், சீக்கிரம் குடுத்தாங்க, அதுதான் விஷயம். இந்த நம்பரை முதல்ல படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

எப்படி கண்டுபிடிக்கிறது

எல்லாமே திடீர்னு வரும். நேத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கை வலிக்குதுங்கிறது வேற. இது, இப்ப நல்லா இருந்தாங்க, அடுத்த நிமிஷம் இல்ல, அந்த மாதிரி.

சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கமா கோணுதா பாருங்க. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி கண்ணை மூடச் சொல்லி பத்து எண்ணுங்க, ஒரு கை தானா கீழ இறங்குதா பாருங்க. "வியாழக்கிழமை வாழைப்பழம் வாங்கினேன்"னு சொல்லச் சொல்லுங்க, ழகரம் சரியா வருதான்னு பாக்க வேணாம், நம்மள்ல பாதி பேருக்கு எப்பவுமே அது வராது, அவங்க வழக்கமா சொல்ற மாதிரி சொல்றாங்களான்னு மட்டும் பாருங்க. சில பேரு குழற மாட்டாங்க, தெளிவா பேசுவாங்க ஆனா சம்பந்தமே இல்லாத வார்த்தையா வரும், இல்ல நம்ம சொல்றது அவங்களுக்கு புரியாது, அதை புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சு விட்டுறாதீங்க.

இந்த மூணும் பெரும்பாலும் போதும், ஆனா எல்லாத்தையும் பிடிக்காது. திடீர்னு ஒரு கண்ணுல மட்டும் திரை இறங்குன மாதிரி பார்வை மறையறது, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியறது, நிக்க முடியாம ஒரு பக்கமா தள்ளுறது, வாழ்க்கைல இதுவரைக்கும் வராத மாதிரி மண்டையை பிளக்கிற தலைவலி, இதுவும் அதே வகைதான். வெறும் தலைசுத்தல் பெரும்பாலும் வேற காரணம், ஆனா தலைசுத்தலோட நடை தள்ளாடி பேச்சும் குழறுச்சுன்னா யோசிக்கவே கூடாது.

வீட்ல சர்க்கரை பாக்குற மெஷின் இருந்தா வண்டி வர்றதுக்குள்ள ஒரு சொட்டு எடுத்து பாத்துருங்க, சுகர் ரொம்ப இறங்கினாலும் அச்சு அசல் ஸ்ட்ரோக் மாதிரியே காட்டும். மெஷின் இல்லையா, தேட வேணாம், கிளம்புங்க.

வந்துருச்சு, இப்ப என்ன

மணியைப் பாருங்க. முதல் வேலை இதுதான். கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க, அதை ஒரு பேப்பர்லயோ கையிலயோ எழுதிக்கங்க. ஆஸ்பத்திரில டாக்டர் கேக்குற முதல் கேள்வி அதுதான், பாதி மருந்து அந்த பதிலை வச்சுதான் முடிவாகுது. காலைல எழுந்திருக்கும்போதே கை வரலன்னா, எழுந்த நேரத்தை சொல்லக்கூடாது, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் நல்லா பேசிட்டு இருந்தாங்க, நடுராத்திரி எழுந்து பாத்ரூம் போனாங்களா, அப்ப நல்லா நடந்தாங்களா, அதை சொல்லணும். எங்க வீட்ல இதை கேட்டப்ப ஆளுக்கு ஒரு நேரம் சொன்னோம்.

அடுத்து 108. பக்கவாதம் மாதிரி இருக்கு, சிடி ஸ்கேன் இருக்க ஆஸ்பத்திரிக்கு போகணும்னு தெளிவா சொல்லுங்க. சொந்த கார் வாசல்ல நிக்குது, ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தான்னா கார்லயே போங்க, ஆனா எந்த ஆஸ்பத்திரிங்கிறதுதான் முக்கியம். பக்கத்து தெரு கிளினிக்கு, நம்ம குடும்ப டாக்டர், சின்ன நர்சிங் ஹோம், இங்கெல்லாம் முதல்ல காட்டிட்டு போகலாம்னு நினைக்கிறது மனுஷ இயல்பு, ஆனா ஸ்கேன் இல்லாத இடத்துல ஸ்ட்ரோக்குக்கு ஒண்ணும் செய்ய முடியாது. அப்பாவை நாங்க முதல்ல கொண்டு போன இடத்துல ஒரு டிரிப் ஏத்தி காலைல பெரிய டாக்டர் வருவாருன்னு படுக்க வச்சாங்க, நாங்களும் நம்பி உக்காந்திருந்தோம், ஸ்கேன் இருக்க இடத்துக்கு போய் சேரும்போது ஏழு மணி நேரம் போயிருச்சு.

ஒரு பெரிய ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டா நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் மூளை செல் சாகுதுன்னு 2006ல ஒரு கணக்கு போட்டிருக்காங்க. அந்தக் கணக்குல ஏழு மணி நேரத்தை பெருக்கிப் பாக்க எனக்கு இன்னமும் தைரியம் வரல.

வீட்ல இருக்கும்போது செய்யக்கூடாதது நிறைய இருக்கு, ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு சும்மா நிக்கத் தெரியாது, பாசத்துல ஏதாவது செஞ்சே ஆகணும். தண்ணி குடுக்காதீங்க, சோடா, காபி, சர்க்கரைத் தண்ணி எதுவுமே வாய்ல ஊத்தாதீங்க, முழுங்குற தசையே வேலை செய்யாம இருக்கலாம், குடுத்தது நேரா நுரையீரலுக்கு போய் நிமோனியா ஆகும். ஆஸ்பிரின் குடுக்காதீங்க. நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மாத்திரை குடுக்குற இதயம் காப்போம் திட்டம் கூட நம்ம மாநிலத்துல இருக்கு, ஆனா அது மாரடைப்புக்கு. மூளைல அடைப்பா இல்ல குழாய் வெடிச்சு ரத்தக்கசிவான்னு வெளில இருந்து பாத்து யாராலயும் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். கசிவா இருந்து நீங்க ஆஸ்பிரின் குடுத்திருந்தா கசிவு இன்னும் கூடும். அதே மாதிரி பிபி 200 காட்டுதுன்னு பயந்து போய் நாக்குக்கு அடியில பிபி மாத்திரை வைக்கிற பழக்கம் இன்னும் சில பேருகிட்ட இருக்கு, வேண்டவே வேண்டாம். அடைப்பு இருக்கும்போது உடம்பு தானா பிரஷரை ஏத்தி மிச்சம் இருக்க பக்கக் குழாய் வழியா ரத்தத்தை தள்ளப் பாக்குது, அதை நீங்க சட்டுனு இறக்குனா கொஞ்சநஞ்சம் போன ரத்தமும் நின்னுரும்.

வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது, விரல் நுனியிலயும் காது மடல்லயும் ஊசியால குத்தி ரத்தம் எடுத்தா பக்கவாதம் சரியாயிரும்னு. பொய். புறா ரத்தம் தடவுறது, எண்ணெய் போட்டு உருவி விடுறது, மந்திரிக்கிறது, எல்லாமே முதல் சில மணி நேரத்தை தின்னுரும். நம்பிக்கை இருக்கவங்க சாமி கும்பிட்டுக்கங்க, வண்டியில உக்காந்துக்கிட்டே கும்பிடலாம்.

படுக்க வைக்கும்போது ஒருக்களிச்சு படுக்க வையுங்க, வாந்தி வந்தா வெளில போகட்டும், பல்செட் இருந்தா எடுத்துருங்க. கையோட எடுத்துட்டு போக வேண்டியது, சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும், பழைய சீட்டும், காப்பீட்டு அட்டையும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களாங்கிறது ரொம்ப முக்கியம், அசிட்ரோம் மாதிரி. எங்க வீட்ல இப்ப பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கோம், 24 மணி நேரமும் சிடி எடுக்கிற பக்கத்து ஆஸ்பத்திரி ரெண்டு, வீட்ல ஒவ்வொருத்தரோட மாத்திரை பேரு, எடை. எடை எதுக்குன்னா கட்டியைக் கரைக்க ஆஸ்பத்திரில போடுற ஊசியோட அளவே எடையை வச்சுதான்.

ஆஸ்பத்திரில என்ன நடக்கும், நீங்க என்ன பேசணும்

போனதும் சிடி. ரத்தக்கசிவு இல்லன்னு தெரிஞ்சு, அறிகுறி ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள இருந்தா கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். ஆல்டிப்ளேஸ்ங்கிறது ஒரு மணி நேரம் ஏத்துறது, டெனெக்டிப்ளேஸ்ங்கிறது ஒரே தடவையா போட்டு முடிக்கிறது. 1995ல அமெரிக்காவுல நடந்த ஆய்வுலதான் மூணு மணி நேரத்துக்குள்ள போட்டா பலன் இருக்குன்னு நிரூபிச்சாங்க, 2008ல அது நாலரை மணி நேரமா நீண்டுச்சு. நாலரை மணி நேரம் இருக்கேன்னு மெதுவா போகலாம்னு அர்த்தம் இல்ல, முதல் மணி நேரத்துல போட்ட ஊசிக்கும் நாலாவது மணி நேரத்துல போட்ட ஊசிக்கும் பலன்ல பெரிய வித்தியாசம் இருக்கு.

இங்கதான் நம்ம குடும்பங்க தடுமாறுது. டாக்டர் வந்து இந்த ஊசியால மூளைல ரத்தம் கசியற ஆபத்தும் இருக்கு, கையெழுத்து போடுங்கன்னு சொல்லுவாங்க. உண்மைதான், அந்த 1995 ஆய்வுல 100க்கு சுமார் 6 பேருக்கு அப்படி ஆச்சு. ஆனா அதே ஆய்வுல ஊசி போட்டுக்கிட்டவங்க மூணு மாசம் கழிச்சு ஊனம் இல்லாம இல்ல ரொம்ப கொஞ்சமா இருக்கிறதுக்கான வாய்ப்பு போடாதவங்களை விட 30 சதவீதமாவது கூட இருந்துச்சு. பெரியவன் சென்னைல இருக்கான் அவன்கிட்ட கேட்டுட்டு, மாமா வந்துரட்டும், தாய்மாமன்கிட்ட ஒரு வார்த்தைன்னு முக்கால் மணி நேரம் போன் சுத்துற குடும்பத்தை நான் ஐசியு வாசல்ல உக்காந்து கண்ணால பாத்திருக்கேன். இப்பவே வீட்ல பேசி வச்சுக்கங்க, யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்களே முடிவு எடுக்கலாம், பின்னாடி யாரும் குறை சொல்லக்கூடாதுன்னு.

பெரிய குழாய்ல பெரிய கட்டின்னா ஊசி மட்டும் பத்தாது. தொடை வழியா, சில சமயம் கை வழியா, மெல்லிசு குழாய் விட்டு மூளை வரைக்கும் போய் கட்டியையே இழுத்து எடுத்துருவாங்க, திராம்பெக்டமின்னு பேரு. 2015ல வரிசையா அஞ்சு ஆய்வு வந்து இது பலன் தருதுன்னு உறுதியாச்சு. பொதுவா ஆறு மணி நேரத்துக்குள்ள, ஆனா 2018க்கு அப்புறம் ஸ்கேன்ல காப்பாத்தக்கூடிய மூளைப் பகுதி இன்னும் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சா 24 மணி நேரம் வரைக்கும் கூட சில பேருக்கு செய்யறாங்க. அதனால லேட்டாயிருச்சு, இனிமே போயி என்ன ஆகப்போகுதுன்னு வீட்லயே வச்சுக்காதீங்க. பெரிய குழாய் அடைச்சிருக்கா, இந்த வசதி இங்க இருக்கா, இல்லன்னா எங்க அனுப்புவீங்கன்னு நீங்களே கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

சின்னம்மாவுக்கு போன வருஷம் வாய் கோணி இடது கை விழுந்தப்ப தம்பி நேரத்தை எழுதிக்கிட்டு 108ஐ கூப்பிட்டு 50 நிமிஷத்துல அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிட்டான், ஊசி போட்டாங்க, ஆறாவது நாள் அவங்களே நடந்து வீட்டுக்கு வந்தாங்க. பைசா செலவில்ல.

பத்து நிமிஷத்துல சரியாயிருந்தா

அன்னைக்கே போகணும். நாளைக்கு இல்ல, திங்கக்கிழமை டாக்டர் வந்ததும் இல்ல. மூளைக்கு எம்ஆர்ஐ (சிடியில சின்ன பாதிப்பு பல சமயம் தெரியாது), கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் இல்ல சிடி ஆஞ்சியோ, ஈசிஜி, எக்கோ, சர்க்கரை, கொழுப்பு, இத்தனையும் பாத்து கட்டி எங்க இருந்து வந்துச்சுன்னு தேடணும். தேடாம வெறும் மாத்திரை வாங்கிட்டு வர்றது பாதி வைத்தியம்தான்.

கசிவு இல்லன்னு தெரிஞ்சா பல பேருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேத்து ஆரம்பிப்பாங்க, வழக்கமா 21 நாள், மூளைக்குள்ள குழாய் ரொம்ப சுருங்கியிருந்தா 90 நாள் வரைக்கும். அப்புறம் ரெண்டுல ஒண்ணை நிறுத்திட்டு இன்னொண்ணு ஆயுசுக்கும். இங்க ரெண்டு விதமா தப்பு நடக்குது, சில பேரு 21 நாள் முடிஞ்சதும் ரெண்டையும் நிறுத்திடுறாங்க, சில பேரு மறுபடி டாக்டர்கிட்ட போகாம அதே சீட்டை காட்டி வருஷக்கணக்கா ரெண்டையும் வாங்கி சாப்பிட்டு வயித்துல ரத்தம் கசிஞ்சு வந்து நிக்கிறாங்க. சீட்டுலயே எந்த தேதியில எதை நிறுத்தணும்னு எழுதி வாங்கிக்கங்க. கூட கொழுப்பு மாத்திரையும் வரும், கொழுப்பு கம்மியாத்தானே இருக்குன்னு நிறுத்தாதீங்க, ஒரு தடவை அடைப்பு வந்தவங்களுக்கு எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு 70க்கு கீழ இருக்கணும்.

கழுத்துக் குழாய் 70 சதவீதத்துக்கு மேல அடைச்சிருந்தா ஆபரேஷன் பண்ணி சுத்தம் பண்ணலாம், அதுக்கும் நேரக் கணக்கு உண்டு, ரெண்டு வாரத்துக்குள்ள செஞ்சாதான் முழு பலன். யோசிச்சு சொல்றோம்னு தீபாவளி கழியட்டும், கல்யாணம் முடியட்டும்னு தள்ளிப் போட்டா அது வரைக்கும் அந்த அடைப்பு காத்திருக்காது.

இதயம் தாறுமாறா துடிக்கிறதுன்னு சொன்னேன்ல, ஏஃபிப்னு சொல்லுவாங்க, அது இருந்தா ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து அஞ்சு மடங்கு. இதுக்கு ஆஸ்பிரின் பத்தாது, ரத்தம் உறையாம தடுக்கிற வேற வகை மாத்திரை வேணும். சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிப் போனவங்க நம்ம நாட்ல நிறைய, அவங்களுக்கு புது மாத்திரையை விட பழைய வார்ஃபரின், அசிட்ரோம் வகைதான் நல்லதுன்னு 2022ல வந்த ஆய்வு காட்டுச்சு. அந்த வகை சாப்பிட்டா ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்குற ஐஎன்ஆர் டெஸ்ட் தவறாம எடுக்கணும், பொதுவா 2க்கும் 3க்கும் நடுவுல நிக்கணும், செயற்கை வால்வு வச்சவங்களுக்கு கணக்கு வேற. கீரை இந்த மாத்திரையோட வேலையை மாத்தும், அதுக்காக கீரையே சாப்பிடக்கூடாதுன்னு இல்ல, ஒரு வாரம் தினம் கீரை அடுத்த வாரம் சுத்தமா இல்லன்னு மாத்தி மாத்தி சாப்பிடக்கூடாது, அவ்வளவுதான்.

வராம பாத்துக்கிறது

32 நாட்டுல எடுத்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு 2016ல சொன்னது என்னன்னா, ஸ்ட்ரோக்ல பத்துல ஒம்பது பங்குக்கு காரணம் நம்மளால மாத்தக்கூடிய பத்து விஷயம்தான், அதுல முதல் இடம் பிபிக்கு. தலைவிதின்னு சொல்றவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்றேன்.

எங்க அப்பாவுக்கு பிபி இருந்துச்சு, மாத்திரையும் இருந்துச்சு. நார்மல் ஆயிருச்சுன்னு அவரே நிறுத்திட்டாரு. மாத்திரை சாப்பிட்டதாலதான் நார்மல் ஆச்சுங்கிறது அவருக்கும் தோணல, எங்களுக்கும் தோணல. தலை சுத்தல, மயக்கம் வரல, எனக்கு பிபி இல்லன்னு சொல்றவங்க தெருவுக்கு பத்து பேரு இருப்பாங்க, பிபி பல பேருக்கு ஒரு அறிகுறியும் காட்டாது, மெஷின்ல பாத்தாதான் தெரியும். முப்பது வயசு தாண்டுனவங்க எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாத்துருங்க. மேல் நம்பர் 10 குறைஞ்சா ஸ்ட்ரோக் ஆபத்து ஏறக்குறைய கால்வாசி குறையுது, பெரும்பாலானவங்களுக்கு 130/80க்கு கீழ வைக்கிறதுதான் இலக்கு, உங்களுக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

பாக்குற முறையும் சரியா இருக்கணும். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க உக்காந்து பாத்தா தப்பாத்தான் காட்டும். அரை மணி நேரத்துக்கு முன்னாடி காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது, ஒண்ணுக்கு போயிட்டு வந்து முதுகு சாஞ்சு பாதம் தரையில படிய அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்துட்டு, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல வச்சு பாக்கணும். சட்டைக்கு மேல பட்டையை சுத்தக்கூடாது. ரெண்டு தடவை பாத்து எழுதி வைங்க.

மாத்திரைக்கு காசு இல்ல, அலைய ஆள் இல்லன்னா நம்ம மாநிலத்துல மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இருந்து நடக்குது, பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, நடக்க முடியாதவங்களுக்கு பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து குடுக்குறாங்க. உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரை பதிஞ்சுக்கங்க, விவரம் வேணும்னா 104க்கு போன் போடுங்க. இதை வாங்குறதுல கவுரவக் குறைச்சல்னு நினைக்கிற பெரியவங்களை நான் பாத்திருக்கேன், நம்ம வரிப்பணம்தான், தயங்காதீங்க.

அடுத்து உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கம்மியா, ஒரு டீஸ்பூன்னு வச்சுக்கங்க. ஸ்பூன் கணக்கு நமக்கு ஒத்து வராது, சாம்பார்ல எவ்வளவு, மாவுல எவ்வளவுன்னு யாரு பாக்குறது, அதனால எங்க வீட்ல பாக்கெட் கணக்கு வச்சிருக்கோம். நாலு பேரு இருக்க வீட்ல ஒரு கிலோ உப்பு குறைஞ்சது 50 நாள் வரணும். முதல் தடவை பாத்தப்ப எங்களுக்கு 28 நாள்ல தீந்துச்சு. அதுக்கு மேல ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், கடை சாப்பாடு எல்லாம் தனிக் கணக்கு. இப்ப 45 நாள் வருது, ரெண்டு மாசம் சப்புன்னு இருந்துச்சு, அப்புறம் நாக்கு பழகிருச்சு. சோடியம் கம்மியா பொட்டாசியம் கலந்த உப்பு கடையில கிடைக்குது, சீனாவுல 600 கிராமத்துல சோதிச்சு 2021ல வெளியான ஆய்வுல அது ஸ்ட்ரோக்கை 14 சதவீதம் குறைச்சிருக்கு, ஆனா கிட்னி கோளாறு இருக்கவங்க டாக்டரை கேக்காம அதை தொடவே கூடாது.

புகையிலை எந்த ரூபத்துல இருந்தாலும் விட்டுருங்க, பீடி, சிகரெட், வெத்தலையோட போடுற புகையிலை, உதட்டுக்குள்ள அடக்குறது, எல்லாம். குடியும் பிபியை ஏத்தும். சுகர் இருக்கவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை) பாருங்க, 7க்கு கீழ பலருக்கும் இலக்கு. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும், கோயில் சுத்துறதும் கணக்குதான், ஆனா நின்னு நின்னு பேசிக்கிட்டே போனா கணக்குல வராது.

65 வயசு தாண்டுனவங்களுக்கு அப்பப்ப நாடி பிடிச்சு பாருங்க, கட்டை விரலுக்கு கீழ மணிக்கட்டுல ரெண்டு விரலை வச்சு ஒரு நிமிஷம் எண்ணுங்க. வேகம் கூட முக்கியம் இல்ல, ஒரே சீரா வருதா இல்ல இஷ்டத்துக்கு வருதாங்கிறதுதான். சீரா இல்லன்னா ஒரு ஈசிஜி எடுத்துருங்க.

இது வயசானவங்க வியாதின்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் கழுத்தை சடக்குன்னு திருப்பி சொடக்கு எடுக்குறாங்களே, அதுல கழுத்து ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சு இளவட்டப் பசங்களுக்கே ஸ்ட்ரோக் வரலாம், வேணாம் அண்ணேன்னு சொல்லிருங்க. இன்னொண்ணு எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், பிள்ளை பெத்த பொண்ணுக்கு தண்ணி அதிகம் குடுக்கக்கூடாது, பிள்ளைக்கு சளி பிடிக்கும்னு இன்னும் சில வீட்ல தண்ணியை அளந்து குடுக்குறாங்க. பிரசவத்துக்கு அப்புறம் சில வாரம் ரத்தம் இயல்பாவே சீக்கிரம் உறையும், உடம்புல தண்ணியும் வத்துனா மூளையோட சிரை அடைச்சுக்கும். விடாத தலைவலி, வாந்தி, வலிப்புன்னு வந்தா அது பேய் பிடிச்சதும் இல்ல, சீதளமும் இல்ல, உடனே தூக்கிட்டு ஓடணும். நல்லா தண்ணி குடுங்க அந்தப் பொண்ணுக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு

முழுங்குறது சரியா இருக்கான்னு ஆஸ்பத்திரில பாத்து சொல்லாம வாய் வழியா எதுவும் குடுக்காதீங்க. தண்ணியை விட கெட்டியான கூழ் சில பேருக்கு பத்திரம், நிமிந்து உக்கார வச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுக்கணும், சாப்பிட்டதும் படுக்க வைக்கக்கூடாது. எழுந்திருக்க முடியாதவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைங்க, படுக்கைப்புண் ஒரு தடவை வந்துட்டா ஆத்துறது பெரிய பாடு. தூக்கி விடும்போது வராத கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, நாங்க அப்படித்தான் ஒரு வாரம் இழுத்தோம், தோள்மூட்டு இறங்கி அப்பா வலியில ராத்திரியெல்லாம் முனகினாரு.

முதல் மூணு மாசம்தான் மூளை வேகமா திரும்பக் கத்துக்கிற காலம், பிசியோதெரபிக்கு வர்றவரு அரை மணி நேரம்தான் இருப்பாரு, மிச்ச நேரம் நம்மதான். சட்டை பட்டன் போடுறது, டம்ளர் எடுக்குறது, பயறு பொறுக்குறது, அவங்களையே செய்ய விடுங்க, நேரம் ஆகட்டும். பாவம்னு நம்ம செஞ்சு குடுத்தா அந்தக் கை அப்படியே நின்னுரும். மூணு மாசத்துக்கு அப்புறமும் முன்னேற்றம் வரும், மெதுவா வரும்.

பேச்சு போனவங்களுக்கு காது கேக்காதுன்னு நினைச்சு கத்தாதீங்க, அவங்க எதிர்லயே இனிமே இவரு தேற மாட்டாருன்னு பேசாதீங்க, பல பேருக்கு எல்லாம் புரியும், வார்த்தை மட்டும் வராது. ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி கேளுங்க, சாப்பாடு, தண்ணி, பாத்ரூம், வலின்னு படம் வரைஞ்சு ஒரு அட்டை செஞ்சு பக்கத்துல வைங்க. பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்க பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல இருப்பாங்க, கேட்டுப் பாருங்க. பேச வராதவங்களுக்கு கூட பழகுன பாட்டோ வாய்ப்பாடோ தன்னால வர்றது உண்டு, அப்பா ஒரு வார்த்தை சொல்ல முடியாம இருந்த காலத்துல ஒண்ணு ரெண்டு மூணுன்னு அம்மா ஆரம்பிச்சா இவரு பத்து வரைக்கும் சொல்லி முடிப்பாரு, அங்க இருந்துதான் நாங்க ஆரம்பிச்சோம்.

அழுகையும் கோவமும் வரும், சாப்பாட்டுத் தட்டை தள்ளி விடுவாங்க, பயிற்சி வேணாம்பாங்க. அதை அடம்னு நினைக்காதீங்க, ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது, அதுக்கும் மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லணும். பாத்துக்கிறவங்களுக்கும்தான். எங்க அம்மா ஒரு வருஷம் ஒழுங்கா தூங்கல, அவங்க பிபியை நாங்க யாரும் பாக்கவே இல்ல, ஒரு நாள் அப்பாவுக்கு பாத்துட்டு அதே பட்டையை அவங்க கையில சுத்துனப்ப 170/100 காட்டுச்சு. இப்ப காலைல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒண்ணா மாத்திரை போட்டுக்கிறாங்க, நோட்டுல ரெண்டு பேரு நம்பரையும் அப்பாதான் இடது கையால எழுதுறாரு.